செத்த நண்டும் என் நண்டுதான்

1

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துக் கடலோரத்தில், யாரோ இறால் வளர்த்து நொடித்துப்போய் விட்டுவிட்டு ஓடிய சேற்று நிலத்தை எடுத்து ஆறு நண்டுக் குளம் ஆக்கினேன். கடல் தண்ணீர் ஏறும்போது உள்ளே வரவும் வற்றும்போது வெளியே போகவும் வாய்க்கால் வெட்டினேன். அந்த வாய்க்காலில் நானும் என் மனைவி சண்முகவள்ளியும் இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கிறோம். மதகுப் பலகை நானே அறுத்தது. பாதை இல்லாத இடத்துக்கு உடைந்த செங்கல் கொட்டிப் பாதை போட்டேன். இன்று அந்தப் பாதையில் ஊர்க் குப்பை லாரி போகிறது. முனையில் நட்ட பலகையில் எவனோ ஒருவன் பெயர் இருக்கிறது. ஊரில், முதுகுளத்தூருக்குப் பக்கத்தில், அண்ணனுக்கு மாடி வீடு கட்டினேன். மகனை எஞ்சினியர் ஆக்கினேன். மகளை டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வைத்தேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டேன்.

இவனால் ஏலாது என்று சொன்ன வங்கிக்காரர்கள், நில அலுவலகத்துக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் பிறகு என் வீட்டில் நண்டு தின்றிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

போன வாரம் என் மகள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் அச்சாகி வந்தது. அந்தத் திருத்தம் வந்ததற்குக் காரணம் நான். அதில் என் பெயர் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் இதை அச்சிடுகிற தமிழ்ப் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன சங்கதியில் கை வைக்க வேண்டாம்.

2

சேற்று நண்டு பெரிதாக வேண்டும் என்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் அதன் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தூக்கிவிட்டால் முழுசாகப் பொரித்துத் தின்னலாம். சீனர் உணவகங்களில் அதற்கு நல்ல கிராக்கி. நேரம் தப்பினால் ஓடு மறுபடி இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு நண்டையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தனியாகப் போட்டு, குளத்தில் மிதக்கவிட்டு, பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு.

விடிந்ததும் கடையில் ஒரு கறுப்புக் காப்பி. பிறகு குளம். மத்தியானம் வீட்டில் சோறு. மறுபடியும் குளம். நடுவில் போனில் ஊர். ஊரோடு பேசும்போது என் வாயில் மலாய் வந்து விழுகிறது. ஊருக்குப் போயிருந்தபோது புரோட்டாக் கடையில் பார்சல் என்று சொல்ல வராமல் "தாப்பாவ்" என்றேன். கடைக்காரர் நான் எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று மேசைக்கு அடியில் தேடினார். இங்கே மகன் தன் பிள்ளையோடு ஆங்கிலம்தான் பேசுகிறான். அந்தப் பேரனுக்குத் தெரிந்த தமிழ் "தாத்தா" ஒன்றுதான். அதையும் ஏதாவது வேண்டும் என்றால்தான் சொல்வான்.

மகள் கோமதி மட்டும் தமிழ் விடவில்லை. நண்டையும் விடவில்லை. ஒரு இலைச்சாற்றைத் தீனியில் கலந்து கொடுத்தால் நண்டு சீக்கிரம் ஓடு கழற்றுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒருநாள் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க குளம் வேணும்."

"ஏன், உங்க பல்கலைக்கழகத்துல குளம் இல்லயா?"

"இருக்கு. மத்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க."

ஆறையும் கொடுத்தேன். மூன்று குளத்தில் இலைத் தீனி, மூன்றில் சாதாரணத் தீனி. பெட்டிகளுக்கு அடையாளம் கட்டினது நான். தீனி நிறுத்துக் கொடுத்தது சண்முகவள்ளி. பேராசிரியர் ஒரே ஒரு முறை வந்தார். காலணி நனையாமல் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போனார்.

பாதியில் மூன்றாம் குளம் செத்தது. இலைத் தீனி போட்ட குளம். விடிந்து பார்த்தால் பெட்டிக்குப் பெட்டி மல்லாந்து கிடக்கிறது. அந்த வாரம் நல்ல மழை. மழைத் தண்ணீர் இறங்கி உப்புக் குறைந்ததா, தீனியா, வேறு நோயா, எனக்குத் தெரியவில்லை. கோமதிக்கும் தெரியவில்லை. அள்ளிப் புதைத்தோம். மிச்சக் குளங்களில் இலைத் தீனி தின்றவை சீக்கிரமாகவே ஓடு கழற்றின. அதுவும் உண்மைதான்.

3

கட்டுரை எழுதும்போது மகள் கேட்டாள்: "அப்பா, கடைசில நன்றி சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. யார் யார் உதவி பண்ணாங்க, சொல்லுங்க."

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. "எழுதிக்க. முதல்ல எங்க அய்யா."

"தாத்தா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சேப்பா!"

"செத்தா என்ன? முன்னால தெய்வத்திருன்னு சேத்துக்க. அடுத்து ஒன் தாய்மாமன்."

"மாமா ஊர்ல, மண்டபம் கடற்கரையில இருக்காரு. இந்த நண்டுக்கு அவர் என்ன பண்ணாரு?"

"என்னைய நண்டுக் கம்பெனில சேத்துவிட்டதே அவன்தான். அவன் பேரு விட்டுப்போச்சுன்னா நாளைக்கு ஒன் கல்யாணத்துக்கு மேடை ஏற மாட்டான்."

அடுப்படியிலிருந்து சண்முகவள்ளி குரல் கொடுத்தாள்: "ஏங்க, என் தம்பி பேரு வருது. சேத்துல நின்னவ நான். என் பேரு எங்க?"

"நீ 'மற்றும் உற்றார் உறவினர்'ல வருவ."

"வருவேன் வருவேன். ராத்திரி சோத்துக்கும் உற்றார் உறவினர் வீட்டுக்கே போங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் மடிப்பு மடிப்பாக விரியும். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், துபாயில் இருக்கிறவன், சிங்கப்பூரில் இருக்கிறவன் எல்லாரும் வர வேண்டும். என் அண்ணன் கல்யாணத்தில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று. மனுஷன் வேட்டி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டார், வர மாட்டேன் என்று. அவர் பெயரைத் தனித் துண்டாக அச்சடித்து, மிச்சம் இருந்த பத்திரிகைகளில் ஒட்டி, அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் எழுந்து வந்தார். பெயர் என்பது எங்களுக்கு அப்படி. அந்தப் பழக்கத்தில்தான் நான் சொன்னேன்.

மகள் சிரித்து ஓய்ந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இது மரியாதைக்குப் பேரு போடுற இடம் இல்ல. கட்டுரையில பேரு வந்தா அவங்க வேலை செஞ்சிருக்கணும். நாளைக்கு யாராச்சும் கேள்வி கேட்டா அவங்கதான் பதில் சொல்லணும்."

நல்ல சட்டம் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்கும் இந்தச் சட்டம் வந்தால் பாதிப்பேர் தாங்களாகவே பெயரை எடுத்துக்கொள்வார்கள்.

4

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. கோமதி அதைத் தாளில் எடுத்துக் கொண்டுவந்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன்.

முதலில் அவள் பெயர். அடையாள அட்டையில் அவள் "கோமதி, முனியசாமியின் மகள்" என்று முழுசாக இருக்கிறாள். இந்த நாட்டு வழக்கம் அது. கட்டுரையில் நான் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தேன். பரவாயில்லை. அடுத்துப் பேராசிரியர். அடுத்துத் துறைத் தலைவர். கடைசியில் ஒரு அம்மாள்.

"இது யாரு?"

"பேராசிரியரோட மனைவி. வேற பல்கலைக்கழகத்துல இருக்காங்க."

"அந்தம்மா நம்ம குளத்தப் பாத்துச்சா?"

"இல்லப்பா."

"துறைத் தலைவரு?"

"அவரு தலைவருப்பா."

"அப்ப ஒன் தாய்மாமனுக்கு மட்டும் என்ன கொறச்சல்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். நன்றி சொல்லும் இடத்தில் ஒரே ஒரு வரி. குளங்களைப் பயன்படுத்தத் தந்த உள்ளூர் விவசாயி ஒருவருக்கு நன்றி.

நான் இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இன்னும் என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை. இருந்துகொள்ளலாம், ஆனால் குடிமகன் இல்லை. நீல அட்டைக்கு விண்ணப்பம் போட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடி போட்டேன். மலாய்மொழித் தேர்வு என்றார்கள். போய் நாக்குக் குழற பதில் சொன்னேன். இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. என்னை உள்ளூர்க்காரன் என்று எழுத ஒரு அரசாங்கமே தயங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை ஒரே வரியில் எழுதிவிட்டது. பெயரை மட்டும் தின்றுவிட்டது.

"ஏம்மா, என் பேரு என்ன கெட்ட வார்த்தையா?"

"அப்படி இல்லப்பா. உங்க பேரு போட்டா என் பேரோட சேத்துப் பாப்பாங்க. அப்பா குளத்துல மக செஞ்ச ஆராய்ச்சியான்னு கேப்பாங்க. உறவு இருக்குன்னு தனியா வேற அறிவிக்கணும். பேராசிரியர் வேணாம்னுட்டாரு."

கோபத்தில் பக்கங்களைப் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்குப் படமும் எண்ணும் மட்டும்தான். ஒரு பக்கத்தில் என் குளங்களைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். எண்ணினேன். ஐந்து.

5

"மூணாங்குளம் எங்க?"

கோமதி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "எடுத்துட்டோம்."

"குளத்தையா?"

"அந்த விவரத்தப்பா. அது மழையால செத்தது, தீனியால இல்ல, சேத்தா மத்ததெல்லாம் குழம்பும்னு பேராசிரியர் சொன்னாரு."

"மழையாலதான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அப்படித்தான் இருக்கும்னு..."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெரியலன்னு எழுது. குளம் செத்துச்சு, ஏன்னு தெரியலன்னு ரெண்டு வரி எழுதக் கை வலிக்குதா?"

"எழுதியிருந்தா கட்டுரைய எடுத்திருக்க மாட்டாங்கப்பா!" அவள் குரல் உயர்ந்தது. "இதை வச்சுத்தான் என் பட்டம். உங்களுக்கு என்ன தெரியும் இதுல? நான் பொய் எழுதல. எழுதாம விட்டேன், அவ்வளவுதான்."

இளவயதில் இராமேஸ்வரம் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை பார்த்தேன். அங்கே ஒரு வழக்கம். ஏலம் கூறுவதற்கு முன்னால் கூடையை மணலில் கவிழ்க்க வேண்டும். மேலே துள்ளுகிற நண்டைக் காட்டி, அடியில் செத்ததை வைத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக. கவிழ்க்காத கூடைக்கு ஒருவன் விலை கேட்க மாட்டான். கூடைக்காரன் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் சரிதான். செத்தது இருந்தால் விலை குறையும், அவ்வளவுதான். அதற்காக யாரும் யாரையும் அடித்துவிடவில்லை.

அதை மகளிடம் சொன்னேன். "கூடைக்கு அடியில இருக்குறதப் பொய்யின்னு அங்கன எவனும் சொல்லல. கவுத்துக் காட்டுன்னுதான் சொன்னாய்ங்க. நீ கவுக்காம வித்திருக்க."

"உங்களுக்கு உங்க பேரு வரலன்னு கோவம். அதுக்குக் குளத்தச் சாக்கு வைக்கிறீங்க."

"ஆமா, கோவந்தான். பேரும் வரணும், குளமும் வரணும். ரெண்டுல ஒண்ணக்கூட விட மாட்டேன்."

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனில் அம்மாவோடு மட்டும் பேசினாள். சண்முகவள்ளி என்னிடம் பேசினாள், ஆனால் பேசாமல் இருந்திருந்தால் தேவலை என்கிற மாதிரி பேசினாள். "பொண்ணு படிச்சு மேல வரும்போது கால வாருறீங்க. செத்த நண்டு செத்துருச்சு. அதுக்குக் கருமாதி பண்ணியே தீரணுமா?"

"அது என் நண்டு. உசுரோட இருந்தப்பவும் என் நண்டு, செத்தாலும் என் நண்டுதான்."

6

இந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து பாண்டி கூப்பிட்டான். பாண்டி என் அண்ணன் மகன். மிளகாய் போட்டு, மழை ஏமாற்றி, சலித்துப்போனவன்.

"சித்தப்பா, தங்கச்சி எழுதுனது போன்ல வந்துச்சு. இங்கன ஒருத்தர் தமிழ்ல சொன்னாரு. மண்டபம் பக்கம் ஒரு உப்புக்குளம் குத்தகைக்கு வருது. அந்த இலைத் தீனியவே போட்டு நண்டு விடலாம்னு இருக்கோம். அப்பா வீட்டுப் பத்திரத்த வச்சுக் கடன் வாங்கித் தாரேங்குறாரு."

எந்த வீடு? நான் கட்டிய வீடு.

"ஏலே, பொறு. அவசரப்படாத."

"நீங்க சேத்துல எறங்கயில எவன் பொறுக்கச் சொன்னான், சித்தப்பா? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பீகளா?"

மூன்றாம் குளம் செத்ததை அவனிடம் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோமதி அம்மாவைப் பார்க்க வந்தபோது, நான் பாண்டியைக் கூப்பிட்டு, போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன். "பாண்டி, தங்கச்சி இருக்கா. அவகிட்டயே கேளு."

"என்னத்தா, நல்லாருக்கியா?" என்றான் அவன். "ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தீனி போட்டா நண்டு சாகாதுல்ல?"

கோமதி போனைத் தன் பக்கம் இழுத்தாள். சண்முகவள்ளி கையில் இருந்த கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே," என்றாள் கோமதி, "எங்க குளம் ஒண்ணு செத்துச்சுண்ணே. ஏன்னு எங்களுக்குத் தெரியல. இப்ப பணம் போடாதீங்க."

"அப்படியா? அதுல அப்படி இல்லயேத்தா?"

"இல்ல. நான் எழுதல."

அவன் சொன்னான்: "சரித்தா. நீ சொன்னியே, அது போதும். சித்தப்பாவா இருந்தா, என் குளத்துல சாகாது, ஒன் குளத்துலதான் சாகும்னு சொல்லியிருப்பாக."

போன் வைத்த பிறகு மகள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவளுடைய கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். "ஒன் கட்டுரைய போட்ட பத்திரிகைக்கு நான் புகார் எழுதணும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீயே அடி."

"என் கட்டுரை மேலயே நான் புகார் அடிக்கணுமா?"

"நல்லா தெரிஞ்சவ நீதானே?"

அழுகையோடு சிரித்துக்கொண்டே அடித்தாள். சஞ்சிகையின் இணையப் பக்கம் எந்த நிறுவனம் என்று கேட்டது. ஒரு நிறுவனமும் இல்லை என்றேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. குடிநுழைவு அலுவலகத்துக் கவுண்டர் மாதிரியே இருந்தது. முனியசாமி நண்டுக் குளம் என்று போடச் சொன்னேன். சண்முகவள்ளி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "முனியசாமி சண்முகவள்ளி நண்டுக் குளம்" என்றாள். அப்படியே போட்டோம். உள்ளே விட்டது.

அனுப்பும் பொத்தானுக்கு வந்ததும் கோமதி கையை எடுத்துக்கொண்டாள். "இதை நீங்க அனுப்ப வேணாம்ப்பா. நீங்க அனுப்புனா நான் மாட்டுனதா ஆகும். நானே எழுதுறேன்."

அந்த நியாயம் எனக்குப் பிடித்தது. விட்டுக்கொடுத்தேன். நான் விட்டுக்கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

7

பேராசிரியர் முதலில் மாட்டேன் என்றார். எல்லாரும் செய்வதுதான் என்றார். அவர் சேராவிட்டாலும் தான் தனியாக அனுப்பப்போவதாக மகள் சொன்ன பிறகு சேர்ந்தார். சஞ்சிகை கேள்வி மேல் கேள்வி கேட்டது. மூன்றாம் குளத்தின் விவரம் எல்லாவற்றையும் வாங்கியது. மாதக்கணக்கில் ஆயிற்று. கோமதியின் பட்டம் தள்ளிப்போயிருக்கிறது. தேர்வாளர்கள் மூன்றாம் குளத்தைப் பற்றித்தான் துருவுவார்கள் என்று ராப்பகலாகப் படிக்கிறாள். துருவட்டும். அவளிடம் இப்போது மறைக்க ஒன்றும் இல்லை.

போன வாரம் திருத்தம் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். ஒரு குளத்தின் விவரம் விடுபட்டிருப்பதைக் கட்டுரையாசிரியர்கள் கண்டறிந்தனர். அதில் நண்டுகள் இறந்ததன் காரணம் தெரியவில்லை. ஆகவே இந்தத் தீனியைப் பரிந்துரைப்பதற்கு முன் மேலும் ஆய்வு தேவை. தவறுக்கு வருந்துகிறோம்.

"கட்டுரையாசிரியர்கள் கண்டறிந்தனரா?" என்றேன். "அந்தப் பேராசிரியர் சம்சாரமுமா கண்டறிஞ்சுச்சு?"

"அப்பா, திருத்தத்துல அதுக்கெல்லாம் இடம் இல்லப்பா."

"இடம் இல்லன்னா வெட்டி எடு. நான் சேத்துக்குள்ள வாய்க்கா வெட்டல?"

சஞ்சிகை ஆசிரியர் அவர்களே. நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள். என் மகள் இதை உங்களுக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். குளம் கொடுத்ததற்காக என்னைக் கட்டுரையாசிரியர் ஆக்கச் சொல்லவில்லை. உங்கள் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது என்று மகள் விளக்கினாள், ஏற்றுக்கொண்டேன். அதே சட்டத்தைத் துறைத் தலைவருக்கும் அந்த அம்மாளுக்கும் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது நடந்ததை நடந்தபடி எழுதுவது. "உள்ளூர் விவசாயி ஒருவர்" என்பதை அடித்துவிட்டு இப்படிப் போடுங்கள்:

குளங்கள் முனியசாமி, சண்முகவள்ளி இருவருக்கும் சொந்தம். அவர்கள் இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியருக்குத் தாய் தகப்பன். முதலில் வந்த கட்டுரையில் இந்த உறவு சொல்லப்படவில்லை. நண்டுகளுக்குத் தீனி போட்டவர்கள் அவர்கள். மூன்றாம் குளம் விடுபட்டதைக் கண்டுபிடித்து, அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றவர் முனியசாமி.

ஒரு எழுத்தாகச் சுருக்க வேண்டாம். முழுப் பெயராகப் போடுங்கள்.